சைனீஸ் இனிப்பு புளிப்பு போர்க் ரிப்ஸ் சரியா வரலயா? என்ன ஆச்சுன்னு பாத்து சரி பண்ணுங்க

சைனாவுல ஷாங்காய், ஹாங்சோ, சுசோ பக்கம் வீட்டுக்கு வீடு செய்ற ஐட்டம் தான் தாங் ட்சூ பாய்கூ, பன்றி விலா எலும்ப சின்னச் சின்ன துண்டா வெட்டி சர்க்கரை, வினிகர், சோயா சாஸ்ல வேக வச்சு சாஸ் எலும்போட ஒட்டுற வரைக்கும் சுண்ட வைக்கிறது. சாமான் லிஸ்ட் ரொம்ப சின்னது, ரெசிபியும் எங்க தேடினாலும் கெடைக்கும், இருந்தும் மொத தடவ செய்றவங்க நிறைய பேர் கசக்குது, கறி வேகல, புளிப்பே தெரியல, சாஸ் தண்ணியா நிக்குதுன்னு தான் வர்றாங்க. வந்துட்டு அடுத்த தடவ சர்க்கரைய அரை ஸ்பூன் கூட்டுவாங்க, வினிகர ஒரு ஸ்பூன் குறைப்பாங்க, திரும்பவும் அதே கதை. இந்த டிஷ் அளவு முன்ன பின்ன இருந்தா தாங்கும், ஆனா சர்க்கரை எப்ப உள்ள போகுது, வினிகர் எப்ப உள்ள போகுதுங்கறது மாறினா சுத்தமா தாங்காது. அதனால கீழ ஒவ்வொரு பிரச்சனைலயும் நேரத்த தான் மொதல்ல பாக்கப் போறோம்.

சரியா வர்ற வழிய ஒரு தடவ சொல்லிடறேன், அப்ப தான் எங்க தடம் மாறுச்சுன்னு புடிக்க முடியும். அரை கிலோ ரிப்ஸ், 3லேருந்து 4 செமீ துண்டு. பச்சத் தண்ணில போட்டு இஞ்சியோட கொதிக்க விட்டு, நுரைய எடுத்துட்டு, கழுவி, நல்லா வடிச்சு வைக்கணும். கடாய்ல ஒரு ஸ்பூன் எண்ணெய்ல பாதி சர்க்கரைய உருக்கி செவக்க விட்டு அதுல ரிப்ஸ பெரட்டணும். இஞ்சி, வெங்காயத்தாள், ஷாவ்ஷிங் வைன் (சமையலுக்கு ஊத்துற சைனீஸ் அரிசி வைன்), சோயா சாஸ், வினிகர்ல முக்கால்வாசி, அப்புறம் கறி மூழ்குற அளவு சுடுதண்ணி. மூடி போட்டு சிம்ல 40 நிமிஷம். கறி வெந்ததும் மூடிய எடுத்துட்டு மிச்ச சர்க்கரைய போட்டு தீய கூட்டி சுண்ட விட்டு, எறக்குற சமயத்துல மிச்ச வினிகர். மேல வறுத்த வெள்ளை எள்ளு.

அளவுக்கு சைனீஸ் வீடுகள்ல விரல் விட்டு சொல்ற ஒரு கணக்கு இருக்கு: 1 வைன், 2 சோயா சாஸ், 3 சர்க்கரை, 4 வினிகர், 5 தண்ணி, எல்லாமே டேபிள்ஸ்பூன். சில வீட்டுல சோயாவும் வினிகரும் எடம் மாறும். நான் மேல சொன்ன மாதிரி சோயா 2, வினிகர் 4 வச்சே போறேன், கடைசில இருக்கற 5 தண்ணி மட்டும் ஒரு பெரிய பொறி, அத கீழ தனியா சொல்றேன்.

சாஸ் கசக்குது

இதுக்கு காரணம் கிட்டத்தட்ட எப்பவுமே ஒன்னு தான், சர்க்கரை கருகிடுச்சு. சர்க்கரைய எண்ணெய்ல உருக்கும்போது என்ன நடக்குதுன்னு கண்ணால பாத்து பழகிட்டா இந்தப் பிரச்சனை திரும்ப வராது, அதனால கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன். அடுப்பு சிம்ல தான் இருக்கணும். மொதல்ல ஓரத்துல இருக்கற சர்க்கரை கரைஞ்சு நிறமே இல்லாம ஓடும், நடுவுல இருக்கறது இன்னும் கட்டியா கிடக்கும், அப்ப கரண்டியால மெதுவா தள்ளி விட்டுட்டே இருங்க. முழுசா உருகினதும் வெளிர் மஞ்சளா மாறி பெரிய பெரிய குமிழா வரும். இன்னும் கொஞ்சம் போனா தேன் கலர். அதுக்கப்புறம் பெரிய குமிழெல்லாம் அடங்கி, சின்னச் சின்ன குமிழா நுரைச்சு மேல ஏறும், கலர் செங்கல் சிவப்புக்கு வரும். அந்த நுரை பொங்குற நேரம் தான் உங்க நேரம், ரிப்ஸ் அப்பவே உள்ள போயிடணும். அதுக்கு மேல சில நொடி விட்டாலே நுரை அடங்கி, கலர் அடர் பழுப்பாகி, லேசா புகை கிளம்பும், புகை வந்துட்டா கசப்பு வந்துடுச்சுன்னு அர்த்தம். சர்க்கரை 160, 170 டிகிரி வாக்குல நிறம் மாற ஆரம்பிச்சு 200ஐ நெருங்கும்போது கசந்துடும், இடைவெளி அவ்ளோ தான், மெல்லிசான கடாய்னா அடுப்ப அணைச்ச பிறகும் கடாய் சூட்டுலயே அது மேல போயிட்டே இருக்கும்.

ரிப்ஸ கைக்கு எட்டுற தூரத்துல தட்டுல வச்சுக்கிட்டு தான் சர்க்கரையவே போடணும், சர்க்கரை செவந்த பிறகு போய் சிங்க்ல வடிகட்டிய தேடினீங்கன்னா முடிஞ்சது. பயமா இருந்தா எண்ணெய்க்கு பதிலா ரெண்டு ஸ்பூன் தண்ணி ஊத்தி அதுல சர்க்கரைய காய்ச்சுங்க, பாகு காய்ச்சுற கை உங்களுக்கு ஏற்கனவே இருக்கும், கம்பிப்பதம் எல்லாம் தாண்டி தண்ணி முழுக்க வத்தின பிறகு தான் நிறம் ஏற ஆரம்பிக்கும், மெதுவா போறதால கண்ட்ரோல் உங்க கைல இருக்கும். கலர் வந்ததும் அத நிறுத்த தண்ணி ஊத்துறதா இருந்தா சுடுதண்ணி மட்டும், அதுவும் தள்ளி நின்னு, பச்சத் தண்ணி ஊத்தினா பாகு கட்டியா இறுகி கடாயோட ஒட்டிக்கும், தெறிக்கவும் செய்யும்.

கசந்த பாகுக்கு வைத்தியம் கிடையாது. மேல சர்க்கரை போட்டாலும் வினிகர் ஊத்தினாலும் அடில கசப்பு நிக்கும். ரிப்ஸ் போடறதுக்கு முன்ன தெரிஞ்சுடுச்சுன்னா யோசிக்காம கொட்டிட்டு கடாய கழுவி திரும்ப ஆரம்பிங்க, போனது ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை. கறி போட்ட பிறகு தெரிஞ்சா, குழம்ப கொட்டிட்டு ரிப்ஸ சுடுதண்ணில அலசி, கேரமலே இல்லாம சாதா சர்க்கரையும் அரை ஸ்பூன் டார்க் சோயாவும் (கலருக்கு சேக்கிற அடர் நிற சோயா சாஸ்) வச்சு புதுசா தாளிச்சு விடுங்க, சுவைல பாதி ஆழம் போயிடும் தான், ஆனா கறிய காப்பாத்தலாம்.

கறி ரப்பரா இருக்கு, எலும்ப விட்டு வரல

வேகல, அவ்ளோ தான். விலா எலும்புக் கறில சவ்வு நிறைய, அது 70 டிகிரிக்கு மேல ரொம்ப நேரம் இருந்தா தான் கரைஞ்சு ஜெலட்டினா மாறும், 15 நிமிஷத்துல நடக்காது. 40 நிமிஷம்னு சொன்னது சின்ன துண்டுக்கு, பெரிய துண்டா வெட்டி வாங்கியிருந்தா 1 மணி நேரம் கூட ஆகும். கடிகாரத்த விட சாப்ஸ்டிக்க நம்புங்க, குச்சிய எலும்புக்கு பக்கத்துல குத்தினா தடையில்லாம எறங்கணும், கறி எலும்பு முனையிலேருந்து லேசா பின்வாங்கி எலும்பு வெளிய தெரியணும். அதுக்கு முன்ன தீய கூட்டி சுண்ட விடவே கூடாது, ஏன்னா சாஸ் கெட்டியான பிறகு கறி வேகறதுக்கு தண்ணி இருக்காது.

இன்னொரு காரணம், கொதிச்சுட்டு இருக்கும்போது பச்சத் தண்ணி சேக்கிறது. சூடு டக்குனு எறங்கும், திரும்ப கொதி வர நேரம் ஆகும். பக்கத்து அடுப்புல கெட்டில்ல சுடுதண்ணி வச்சுக்கோங்க.

ஆனா ரப்பர் வேற, நார் நாரா காஞ்சு போறது வேற. பல்லுல மாட்டுற மாதிரி வறண்டு இருந்தா அது வேகாததால இல்ல, கொழுப்பே இல்லாத துண்டு வாங்கியிருக்கீங்க, இல்லாட்டி தளதளன்னு கொதிக்க விட்டிருக்கீங்க. கடைல சொல்லும்போது கறியும் கொழுப்பும் அடுக்கடுக்கா இருக்கற எலும்பு வேணும்னு கேளுங்க, குறுத்தெலும்பு இருந்தா இன்னும் நல்லது. எலும்போட நீளத்த குறுக்க வெட்டித் தரச் சொல்லுங்க, வீட்டு கத்தியால வெட்டப் போனா எலும்பு சில்லு சில்லா தெறிக்கும்.

குக்கர்ல வைக்கலாமான்னு கேக்குறாங்க. தாராளமா வைக்கலாம், இஞ்சி, வெங்காயத்தாள், கொஞ்சம் உப்பு மட்டும் போட்டு 2 இல்ல 3 விசில், முக்கால் பதம் வெந்தா போதும், அப்புறம் கடாய்ல சர்க்கரைய செவக்க விட்டு அந்த வேக வச்ச தண்ணியையே ஊத்தி மிச்ச வேலைய முடிங்க. வினிகர அலுமினிய குக்கர்லயோ அலுமினிய கடாய்லயோ கொதிக்க விடாதீங்க, புளிப்பு அலுமினியத்த அரிச்சு ஒரு உலோக வாடைய ஏத்தி விட்டுடும். புது இரும்பு கடாயும் அப்படித்தான், எண்ணெய் காட்டி பழக்கின படலத்த வினிகர் உரிச்சுடும், சாஸ் கருப்பா இரும்பு ருசியோட வரும். எவர்சில்வர், எனாமல், நான்ஸ்டிக், இல்ல நல்லா பழகின பழைய இரும்பு கடாய்.

கறி வேகறதுக்குள்ள தண்ணி வத்திப் போச்சு

அந்த 1-2-3-4-5 கணக்க அப்படியே நம்பினா இது தான் நடக்கும். 5 டேபிள்ஸ்பூன் தண்ணிங்கறது அரை டம்ளர் கூட வராது, அதுல 40 நிமிஷம் எப்படி வேகும்? அந்தக் கணக்கு, ரிப்ஸ ஏற்கனவே தனியா அரை மணி நேரத்துக்கு மேல வேக வச்சு வடிச்சவங்களுக்கும், எண்ணெய்ல வறுத்து எடுத்தவங்களுக்கும் சாஸ் கலக்குற அளவு. பச்சையா நேரா கடாய்ல போடறவங்க மத்த நாலு அளவையும் வச்சுக்கிட்டு தண்ணிய மட்டும் கறி மூழ்குற அளவுக்கு ஊத்துங்க. நடுவுல ரெண்டு தடவ மூடிய தொறந்து பாருங்க, போதும்.

புளிப்பே இல்ல, வெறும் இனிப்பா இருக்கு / புளிப்பு மூக்குல ஏறுது

ரெண்டும் எதிரெதிர் பிரச்சனையா தெரியுது, ஆனா வேர் ஒன்னு தான். வினிகரோட வாசனையும் புளிப்புல ஒரு பங்கும் கொதிக்கிற ஆவியோட கொஞ்சம் கொஞ்சமா போயிடும். எல்லாத்தையும் ஆரம்பத்துலயே ஊத்தி, அப்புறம் மூடி இல்லாம சுண்ட விட்டா கடைசில மொழுக்குன்னு ஒரு இனிப்பு மட்டும் மிஞ்சும், வினிகர் போட்ட மாதிரியே தெரியாது. எல்லாத்தையும் கடைசில ஊத்தினா கறிக்குள்ள புளிப்பு எறங்காம மேலாப்புல காரமா நின்னு வாய் கிட்ட கொண்டு போனாலே இருமல் வரும். அதனால தான் ரெண்டு தவணை: 4 ஸ்பூன்ல 3 ஸ்பூன் ஆரம்பத்துல, அது கறிக்குள்ள போறதுக்கு, 1 ஸ்பூன் அடுப்ப அணைக்கறதுக்கு அரை நிமிஷம் முன்னாடி, கடாய் ஓரமா சுத்தி ஊத்தி ரெண்டு பெரட்டு, அது வாசனைக்கு. இந்த ஒரு ஸ்பூன தள்ளி வைக்கிறத மட்டும் நீங்க மாத்தினா கூட டிஷ் வேற லெவலுக்கு போயிடும், நான் யாருக்கு சொல்லிக் குடுத்தாலும் மொதல்ல இதத் தான் சொல்லுவேன்.

எந்த வினிகர்ங்கறதும் இங்க பெரிய விஷயம். இந்த டிஷ்ஷோட ஊர்ல பயன்படுத்துறது ஜென்ஜியாங் கருப்பு வினிகர், ஜியாங்சு மாகாணத்துல யாங்சி ஆத்தங்கரைல இருக்கற ஊர், ஒட்டும் பசையரிசிய புளிக்க வச்சு மாசக்கணக்குல பழுக்க விட்டு எடுப்பாங்க, அங்க ஹெங்ஷுன்ங்கற கம்பெனி 1840லேருந்து இத செஞ்சுட்டு வருது. அதுல புளிப்போட ஒரு மெல்லிய இனிப்பும் புகை வாசமும் சேந்தே இருக்கும். வடக்க ஷான்ஷி மாகாணத்து வினிகர் சோளத்துலேருந்து வர்றது, இன்னும் காட்டமா இருக்கும், அது தான் கைல இருக்குன்னா 4 ஸ்பூன் 3 ஆகட்டும். கடைல பாட்டில்ல வர்ற வெள்ளை செயற்கை வினிகர் இதுக்கு சரிப்படாது, அதுல அசிடிக் அமிலமும் தண்ணியும் தவிர சொல்லிக்க ஒன்னும் இல்ல, புளிப்பு வரும், வாசனை வராது. கருப்பு வினிகர் கெடைக்கலன்னா அரிசி வினிகரோ ஆப்பிள் சைடர் வினிகரோ எடுத்துட்டு கால் ஸ்பூன் டார்க் சோயா கூட சேருங்க, முழுசா ஈடாகாது, ஆனா சாப்பிடற மாதிரி வரும்.

சாஸ் தண்ணியா நிக்குது, எலும்புல ஒட்டல

கார்ன்ஃப்ளார் கரைச்சு ஊத்துற ஆசை வரும், ஊத்தாதீங்க. ஊத்தினா சாஸ் மங்கலா கொழகொழன்னு கூழ் பதத்துக்கு போயிடும், இந்த டிஷ்ஷுக்கே அழகு அந்த கண்ணாடிப் பளபளப்பு தான். சர்க்கரையும் கறிலேருந்து எறங்கின ஜெலட்டினும் சேந்து தானா கெட்டியாகும், அதுக்கு வேண்டியது நல்ல தீயும் பக்கத்துலயே நிக்கிற ஆளும். இங்க கறி சரியா வெந்திருக்கணும்ங்கறதும் சேந்து வருது, வேகாத கறில ஜெலட்டின் எறங்கியிருக்காது, எவ்ளோ சுண்ட விட்டாலும் பாகு மட்டும் தான் கெட்டியாகும்.

மூடிய எடுத்து, இஞ்சியும் வெங்காயத்தாளும் பொறுக்கிப் போட்டுட்டு, தீய கூட்டி பெரட்டிட்டே இருங்க. காதையும் தீட்டி வச்சுக்கோங்க, மொதல்ல சளசளன்னு தண்ணி கொதிக்கிற சத்தம், அப்புறம் குமிழ் பெருசாகி சோம்பலா வெடிக்கும், சத்தம் தடிச்சு பொத் பொத்னு மாறும். கரண்டியால கடாய் அடிய ஒரு கோடு இழுத்தா கோடு ரெண்டு நொடி நின்னு மூடணும். அப்ப அணைச்சுடுங்க. இன்னும் கொஞ்சம் தளர்வா இருக்கேன்னு தோணும், பரவால்ல, ஆறும்போது இறுகும்.

இந்த எடத்துல கூடுதலா ஒரு நிமிஷம் விட்டுட்டா எண்ணெய் தனியா பிரிஞ்சு, சாஸ் துண்டு துண்டா ரிப்ஸ் மேல திட்டா நிக்கும். பதற வேணாம், 2 ஸ்பூன் சுடுதண்ணி ஊத்தி மிதமான தீல கடாய சுத்தி சுத்தி ஆட்டுங்க, சேந்துக்கும். தட்டுல வச்சு ஆறினதும் மிட்டாய் கணக்கா பல்லுல ஒட்டுதுன்னாலும் இதே தான் காரணம், இதே தான் மருந்து.

மிச்ச சர்க்கரைக்கு சைனால நிறைய பேர் கல்கண்டு தான் போடறாங்க, பளபளப்பு நல்லா வருதுன்னு சொல்லுவாங்க. நம்ம கடைல வர்ற வெள்ளைக் கல்கண்டே போதும், தட்டிப் போடுங்க, முழுசா போட்டா கரையுற வரைக்கும் சாஸ் பதம் தெரியாது.

கலர் வரல, வெளிறிப் போய் இருக்கு

சர்க்கரை தேன் கலர்லயே நின்னுடுச்சு, பயந்து சீக்கிரம் ரிப்ஸ போட்டுட்டீங்க. அரை ஸ்பூன் டார்க் சோயா இப்ப சேத்தா சமாளிக்கலாம். அதுக்கு மேல போனா சாஸ் கருப்படிச்சு சுவையும் சோயா பக்கம் சாஞ்சுடும்.

கலருக்காக மூணு ஸ்பூன் சர்க்கரையையும் மொத்தமா கேரமல் பண்றவங்க இருக்காங்க, அது வேணாம். செவந்த சர்க்கரைல இனிப்பு குறைஞ்சுடும், நிறமும் வாசனையும் தான் மிச்சம், அப்புறம் இனிப்பு பத்தலன்னு மேல மேல போடுவீங்க. பாதி நிறத்துக்கு, பாதி இனிப்புக்குன்னு பிரிச்சு வச்சது அதுக்குத் தான்.

பன்றி வாடை அடிக்குது

கொதிக்கிற தண்ணில ரிப்ஸ போட்டீங்களா? அது தான். மேல்பக்கம் சட்டுனு வெந்து இறுகி உள்ள இருக்கற ரத்தம் வெளிய வராம தங்கிடும். பச்சத் தண்ணில போட்டு மெதுவா சூடேத்தணும், சாம்பல் கலர் நுரை திரண்டு மேல வரும், அத கரண்டியால எடுத்துட்டே இருந்து, 3, 4 நிமிஷம் கொதிச்சதும் வெதுவெதுப்பான தண்ணில கழுவுங்க, எலும்பு சில்லும் அதோட போயிடும். நேரம் இருந்தா முன்னாடியே அரை மணி நேரம் தண்ணில ஊற வச்சு ரெண்டு தடவ தண்ணி மாத்துங்க. கழுவினத நல்லா வடிச்சு துணியால ஒத்தி எடுக்கணும், ஈரத்தோட சூடான பாகுல போட்டா கை முழுக்க தெறிக்கும்.

ஷாவ்ஷிங் வைன் இந்த வாடைய நல்லா அடக்கும், அது இல்லாதவங்க இனிப்பில்லாத ஷெர்ரி வைன் சேக்கலாம், ரெண்டும் வேணாம்னா இஞ்சியையும் வெங்காயத்தாளையும் கூட்டுங்க. பட்ட, சோம்பு, மிளகுன்னு நம்ம கை தானா மசாலா டப்பாவுக்கு போகும், வேணாம், அதெல்லாம் வினிகர் வாசனைய மூடிடும். அன்னாசிப்பூ ஒன்னே ஒன்னு வேணா போடலாம். இவ்ளோ செஞ்சும் மூத்திர வாடை அடிக்குதுன்னா அது காயடிக்காத கடா பன்றிக் கறியா இருக்க வாய்ப்பு அதிகம், அந்த வாடை கொழுப்புலயே ஊறினது, எதப் போட்டாலும் போகாது, அடுத்த தடவ கடைய மாத்துங்க.

உப்பு கரிக்குது

லைட் சோயா சாஸ்னா உப்பு கம்மின்னு நெனச்சு கூட ஊத்திடறாங்க. லைட்டுங்கறது நிறத்துக்கும் அடர்த்திக்கும் தான், உப்பு அதுல பெரும்பாலும் டார்க்க விட அதிகம். மேல ரெண்டு சங்கதி சேந்துக்கும், பாட்டில்ல வர்ற சமையல் வைன்ல பெரும்பாலும் உப்பு கலந்திருப்பாங்க, அப்புறம் சாஸ் சுண்டும்போது உப்பும் சேந்து ஏறும். கறி மூழ்கியிருக்கும்போது ருசி பாத்து உப்பு சரியா இருக்குன்னு தோணினா கடைசில கண்டிப்பா கரிக்கும், அப்ப சப்புன்னு தான் இருக்கணும். தனி உப்பு போடறதா இருந்தா சாஸ் முக்கால்வாசி சுண்டின பிறகு. ஏற்கனவே கரிச்சிடுச்சுன்னா சுடுதண்ணி ஊத்தி தளர்த்தி, சாஸ்ல பாதிய எடுத்து வச்சுட்டு, கொஞ்சம் சர்க்கரையும் வினிகரும் சேத்து திரும்ப சுண்ட விடுங்க.

ஹோட்டல்ல சாப்பிட்ட மாதிரி சிவப்பா, அன்னாசி வாசத்தோட வரல

நீங்க சாப்பிட்டது வேற டிஷ். தெக்க கேண்டன் பக்கத்து கூ லோ யூக், எலும்பில்லாத கறிய மாவுல தோச்சு பொரிச்சு, குடமிளகாய் அன்னாசியோட தக்காளி கெச்சப் போட்ட சாஸ்ல பெரட்டுறது, வெளிநாட்டு சைனீஸ் ஹோட்டல்ல எல்லாம் பரவினது அது தான். அது வேணும்னா அதையே செய்ங்க, நல்ல ஐட்டம் தான், ஆனா இந்த ரிப்ஸ்ல கெச்சப் ஊத்தினா கருப்பு வினிகர் வாங்கின காசு வீண். சிச்சுவான் பக்கம் இதையே ரிப்ஸ வேக வச்சு எண்ணெய்ல பொரிச்சு அப்புறம் பாகுல பெரட்டி எள்ளு தூவி ஆற வச்சு தருவாங்க, மொறுமொறுப்பு வேணும்னு கேக்குறவங்க அந்த வழில போங்க.

மறுநாள் ஃப்ரிட்ஜ்ல சாஸ் ஜெல்லி மாதிரி இறுகிப் போச்சு

கெட்டுப் போகல, சவ்வுலேருந்து எறங்கின ஜெலட்டின் தான் அப்படி நிக்குது, நல்லா வெந்ததுக்கு அதுவே சாட்சி. ஷாங்காய்ல இத சாப்பாட்டுக்கு முன்னாடி ஆறின பதத்துல தான் வைப்பாங்க, அதனால ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்து அரை மணி நேரம் வெளிய வச்சாலே சாப்பிடலாம். சூடா வேணும்னா மைக்ரோவேவ்ல வைக்காதீங்க, சர்க்கரை எடத்துக்கு எடம் காஞ்சு கறி இறுகிடும். கடாய்ல 2 ஸ்பூன் தண்ணியோட மூடி வச்சு சிம்ல சாஸ் எளகுற வரைக்கும் வச்சுட்டு, எறக்கும்போது அரை ஸ்பூன் கருப்பு வினிகர்.